வானொலியில் எழுந்த இனப்பழிச் சொல்

சொல்லையும் அவையையும் இணைத்தே நோக்குவது தமிழர் மரபு. திருவள்ளுவர் பொருட்பாலிலே அவையறிதல், அவையஞ்சாமை என்னும் இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வகுத்தமையும் இம்மரபு பற்றியே. பேசுவோன் அவையைக் காண்கின்றான். அவையும் அவனைக் காண்கின்றது. அவன் வழுப்படப் பேசுவானாயின், பழிக்கப்பட்டவனோ அவன் சார்பினனோ அவ்விடத்திலேயே எழுந்து மறுத்துரைத்தல் கூடும். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வானொலி பரவியபோது இவ்வுறவு அறுந்தது. அடைத்த அறையொன்றினுள் இருந்து ஒருவர் பேச, இலட்சக்கணக்கானோர் தத்தம் இல்லங்களில் இருந்து கேட்டனர். கேட்டோருள் எவர்க்கும் எதிர்மொழி கூறும் வாய்ப்பில்லை. ஓர் இனத்தார் அனைவரையும் இழித்துரைக்கும் சொல்லொன்று அவ்வறையிலிருந்து புறப்படுமாயின், அதனை எதிர்க்கும் உரிமை எவர்க்கு உண்டு, அவ்வுரிமையை அவர் எங்கே சென்று கோருதல் வேண்டும் என்னும் வினா வானொலியோடு உடன்பிறந்தது எனலாம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டிலே இவ்வினா நெடுங்காலம் வழக்காடப்பட்டது. 2007-ம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் டொன் ஐமஸ் என்னும் புகழ்பெற்ற ஒலிபரப்பாளர் கல்லூரி மாணவியர் சிலரைப் பற்றிக் கூறிய இழிசொல், எட்டு நாட்களுள் அவரைத் தம் பதவியினின்றும் வீழ்த்தியது. அந்நிகழ்ச்சியை ஒரு மனிதரின் நாத்தவறு எனவும் அதற்கு நேர்ந்த தண்டனை எனவும் மட்டும் கொள்வோர் பலர். ஏறத்தாழ எண்பது ஆண்டுக் காலம் நடைபெற்ற வழக்கொன்றின் பிந்திய அதிகாரமாக அதனை நோக்குதலே வரலாற்று மாணவர்க்கு ஏற்றது.

இலங்கையில் வானொலி அரசாங்கத்தின் கையிலே பிறந்தது. இங்கிலாந்திலே அது கூட்டுத்தாபனமொன்றின் பொறுப்பாயிற்று. அமெரிக்காவிலோ அது வணிகர் வசப்பட்டது. சவர்க்காரம், பற்பசை, மோட்டார் வண்டி முதலியன விற்போர் நேரத்தை விலைக்கு வாங்கினர். அவ்விலையே நிலையங்களின் வருவாயாயிற்று. எனினும் அலைவரிசைகள் எண்ணிறந்தன அல்ல. ஆதலின் 1927-ம் ஆண்டின் வானொலிச் சட்டமும், அதன் வழிவந்த 1934-ம் ஆண்டின் செய்தித் தொடர்புச் சட்டமும், அலைவரிசை எவர்க்கும் சொந்த உடைமையாகாது, பொதுநலம் கருதிக் குறித்த காலத்துக்கு வழங்கப்படும் அனுமதியே அது என விதித்தன. அனுமதிப்பத்திரங்களை வழங்கவும் புதுப்பிக்கவும் மத்திய செய்தித் தொடர்பு ஆணைக்குழு நிறுவப்பட்டது. பொதுநலம் என்னும் சொல்லின் பொருளை வரையறுக்கச் சட்டம் முயலவில்லை. பொதுமக்கள் என்போருள் கறுப்பின மக்களும் அடங்குவரோ என்பதைத் தென் மாநிலத்து நிலைய உரிமையாளர் பலர் தாமே தீர்மானித்துக்கொண்டனர்.

தொடக்க காலத்து எதிர்ப்புகளுள் ஒன்று நகைச்சுவை நிகழ்ச்சியொன்றைப் பற்றி எழுந்தது. ‘ஏமொஸும் அன்டியும்’ என்னும் தொடர் நாடகம் 1928-ம் ஆண்டிலே சிக்காகோவில் ஆரம்பித்து, அடுத்த ஆண்டிலே என்.பி.சி. வலையமைப்பின் வழியாக நாடெங்கும் பரவியது. கறுப்பின மக்கள் இருவராக அதில் நடித்த பிரீமன் கொஸ்டனும் சார்ள்ஸ் கொரெலும் வெள்ளையர். கறுப்பு மக்களின் பேச்சைத் திரித்தும் அறியாமையை மிகுத்தும் அவர்கள் காட்டிய கோலத்தைக் கேட்பதற்காகப் படமாளிகைகள் தம் காட்சியை இடைநிறுத்தி வானொலியைத் திறந்துவைத்தன எனின், அதன் செல்வாக்கினை உய்த்துணரலாம். 1931-ம் ஆண்டிலே ‘பிற்ஸ்பேர்க் கூரியர்’ என்னும் கறுப்பினப் பத்திரிகையின் ஆசிரியர் றொபேட் வான், நிகழ்ச்சியை நிறுத்துமாறு பத்து இலட்சம் கையொப்பங்கள் திரட்டும் இயக்கமொன்றைத் தொடங்கினார். அது பயன் தரவில்லை. கறுப்பு மக்களிடையேயும் அன்று ஒருமித்த கருத்து நிலவவில்லை. ‘சிக்காகோ டிபென்டர்’ என்னும் மற்றொரு கறுப்பினப் பத்திரிகை, அதே ஆண்டிலே தான் நடத்திய சிறுவர் விழாவுக்கு அவ்விரு நடிகரையும் விருந்தினராக அழைத்துச் சிறப்பித்தது! பழிக்கப்பட்டோர் அனைவரும் ஒரே குரலிற் பேசுவர் என எதிர்பார்ப்பது வரலாற்றுக்குப் பொருந்தாது.

நகைப்பாக வந்தது பின்னர்ப் பகையாகவும் வந்தது. மிச்சிகன் மாநிலத்து றோயல் ஓக் என்னும் ஊரின் கத்தோலிக்கக் குருவானவர் சார்ள்ஸ் கொக்லின் 1926-ம் ஆண்டிலே வானொலியிற் பேசத் தொடங்கியவர். கத்தோலிக்கர் மீது காழ்ப்புக் கொண்ட கு கிளக்ஸ் கிளான் கூட்டத்தார் அவருடைய கோயில் வளவிற் சிலுவையொன்றை எரித்தமையே அவரை வானொலிக்கு இட்டுச்சென்றது எனக் கூறப்படுகின்றது. தாமே பழிக்கப்பட்ட ஒரு சிறுபான்மையைச் சேர்ந்த அவர், பொருளாதார மந்தத்தால் நொந்த மக்களுக்கு வங்கி முதலாளிகளைக் கண்டித்துப் பேசிப் பெரும் புகழ் ஈட்டினார். காலப்போக்கில் அவர் கண்டனம் யூதர் மீது திரும்பியது. 1938-ம் ஆண்டு நவம்பர் 9-ம், 10-ம் நாட்களில் ஜேர்மனியிலே யூதரின் தொழுகைக் கூடங்கள் எரிக்கப்பட்டன, கடைகள் நொறுக்கப்பட்டன. அம்மாதம் 20-ம் நாள் வானொலியிற் பேசிய கொக்லின், பொதுவுடைமைக்கு யூதரே காரணர் எனவும், நாற்சிகளின் செயல் அதற்கெதிரான தற்காப்பு எனவும் பொருள்பட உரைத்தார். உரை முடிந்தவுடனே நியூயோர்க்கின் டபிள்யூ.எம்.சி.ஏ. நிலையம், அதிற் கூறியவை உண்மைக்கு மாறானவை எனக் கேட்போர்க்கு அறிவித்தது. அடுத்த வாரத்து உரையை முன்கூட்டியே எழுத்தில் தருமாறு கேட்டது. தராமையால் அதனை ஒலிபரப்ப மறுத்தது. கொக்லினின் ஆதரவாளர் அந்நிலையத்தின் வாயிலில் வாரந்தோறும் மறியல் செய்தனர்.

1939-ம் ஆண்டிலே ஒலிபரப்பாளர் சங்கம் புதிய ஒழுக்கக் கோவையொன்றை ஏற்றது. சர்ச்சைக்குரிய பொருள்கள் பற்றிப் பேசுதற்கு நேரத்தை விலைக்கு விற்றலாகாது என்பது அதன் விதிகளுள் ஒன்று. அடுத்த ஆண்டில் கொக்லினின் குரல் வானொலியினின்றும் மறைந்தது. அதனாற் பலர் நிம்மதி அடைந்தனர், அதில் வியப்பில்லை. ஆயின் நோயைத் தீர்க்கக் கொடுத்த மருந்து பிற உறுப்புகளையும் தாக்கியது. தொழிற்சங்கங்கள் நேரம் வாங்கித் தம் கருத்தைக் கூறும் வழியும் அதே விதியால் அடைபட்டது. யூத மக்களுக்கு மறுமொழி கூறும் உரிமை ஏதேனும் அவ்விதியாற் கிடைத்ததோவெனின், அதுவுமில்லை. பேசவிடுவதும் தடுப்பதும் நிலைய உரிமையாளரின் விருப்பமாகவே நின்றன.

இந்நிலையை மாற்றியது தெற்கிலே எழுந்த வழக்கொன்று. மிசிசிப்பி மாநிலத்துத் தலைநகராகிய ஜக்சனில் டபிள்யூ.எல்.பி.ரி. என்னும் தொலைக்காட்சி நிலையம் 1953-ம் ஆண்டின் இறுதியிலே தொடங்கப்பெற்றது. அதனை நடத்தியது லமார் ஆயுட் காப்புறுதிக் கொம்பனி. நிலையத்தின் ஒளிபரப்பு எட்டிய பகுதியில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பேர் கறுப்பினத்தவர். 1955-ம் ஆண்டிலே இன உறவு பற்றிய என்.பி.சி. நிகழ்ச்சியொன்றிற் கறுப்பின முன்னேற்றச் சங்கத்தின் தலைமைச் சட்டத்தரணி தேர்குட் மார்ஷல் தோன்றியபோது, ஜக்சன் மக்களின் திரையில் அவர் முகத்துக்குப் பதிலாகக் கம்பித் தொடர்பு பழுதுற்றது என்னும் அறிவித்தல் காணப்பட்டது. கம்பி பழுதுறவில்லை, வேண்டுமென்றே நிகழ்ச்சி துண்டிக்கப்பட்டது என ஆணைக்குழுவிடம் முறையிடப்பட்டது. இரண்டாண்டின் பின், இனப் பிரிவினையை நிலைநிறுத்தல் வேண்டும் என வற்புறுத்தும் நிகழ்ச்சியொன்றைக் காட்டிய அந்நிலையம் மறுதரப்பார்க்கு நேரம் தர மறுத்தது என மீண்டும் ஒரு முறையீடு சென்றது. ஆணைக்குழு அசையவில்லை.

முறையீடுகளுள் ஒன்று சிறிதாகத் தோன்றினும் ஆழமானது. வெள்ளையரைக் குறிக்கும்போது திரு., திருமதி என்னும் அடைகளை வழங்கிய அந்நிலையம், கறுப்பினத்தவரை வெறும் பெயராலே குறித்தது என்பதே அது. வெளிப்படையான வசையொன்றும் இன்றி, விளிக்கும் முறையாலேயே ஒருவரைத் தாழ்த்தலாம் என்பதைச் சாதி வேற்றுமையில் ஊறிய எமது சமூகத்தார்க்கு விளக்க வேண்டுவதில்லை.

1963-ம் ஆண்டு மே மாதத்தில் ஜக்சன் நகரின் மேயர், நகரிலே இனப் பிணக்கு இல்லை எனப் பொருள்படத் தொலைக்காட்சியிற் பேசினார். கறுப்பின முன்னேற்றச் சங்கத்தின் மிசிசிப்பிச் செயலாளராகிய மெட்கர் எவர்ஸ் சம நேரம் கோரிப் போராடிப் பெற்று, 20-ம் நாளன்று டபிள்யூ.எல்.பி.ரி.யில் 17 நிமிடம் மறுமொழி உரைத்தார். பொலிசில், கடைகளில், பள்ளிக்கூடங்களில், நூலகங்களில் தம் மக்கள் எதிர்நோக்கியவற்றை அமைதியான குரலில் அடுக்கிக் கூறினார். கறுப்பு மனிதர் ஒருவர் அத்திரையிலே தம் இனத்தாரின் வழக்கைத் தாமே எடுத்துரைப்பது அவ்வூரார் கண்டறியாத காட்சி. அதுவரை பலர்க்கும் பெயராக மட்டும் இருந்த எவர்ஸின் முகத்தை அன்று ஊரே கண்டுகொண்டது. மூன்று வாரங்களின் பின், யூன் 12-ம் நாள் நள்ளிரவு கடந்த வேளையில், தம் வீட்டு முற்றத்தில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுமொழிக்குரிய விலை சில இடங்களில் உயிராகவே இருந்தது.

அடுத்த ஆண்டு மார்ச்சு மாதம் 1-ம் நாள் முதல் 7-ம் நாள் வரை ஜக்சனில் ஒரு சிலர் வீட்டுக்குள் இருந்து அந்நிலையத்தின் நிகழ்ச்சிகளை இடைவிடாது பார்த்துக் குறிப்பெடுத்தனர். அவர்களின் பாதுகாப்பை எண்ணிப் பெயர்கள் மறைக்கப்பட்டன. இதனை ஏற்பாடு செய்தவர் ஐக்கிய கிறித்தவ திருச்சபையின் செய்தித் தொடர்பு அலுவலகத்தை நடத்திய போதகர் எவரெற் பாக்கர். திரட்டிய சான்றுகளோடு அவருடைய திருச்சபையும், மிசிசிப்பித் தலைவர்களாகிய ஏரன் ஹென்றி, போதகர் றொபேட் ஸ்மித் ஆகியோரும், நிலையத்தின் அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கலாகாது என மனுச் செய்தனர்.

ஆணைக்குழு கூறிய மறுமொழி இன்று படிப்போர்க்கு நகைப்பை ஊட்டும். அனுமதிப்பத்திரத்தை எதிர்த்து வழக்காடும் உரிமை இரு வகையார்க்கே உண்டாம்: தமது ஒலியலைக்கு இடையூறு நேர்ந்த மற்றொரு நிலையத்தார், அல்லது தமது வருவாய்க்கு நட்டம் நேர்ந்த மற்றொரு நிலையத்தார். பார்ப்போரும் கேட்போரும் எண்ணிக்கையில் எத்துணையராயினும் வழக்குரிமை அற்றவர். 1965-ம் ஆண்டிலே ஆணைக்குழு ஓராண்டுக்கு மட்டும் அனுமதி நீட்டி, நிலையத்தைத் திருந்துமாறு அறிவுரை கூறி அமைந்தது.

மனுதாரர் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை அடைந்தனர். 1966-ம் ஆண்டு மார்ச்சு மாதம் நீதியரசர் வொரன் பேர்கர் அளித்த தீர்ப்பு ஒலிபரப்பு வரலாற்றிலே புதிய வாயிலொன்றைத் திறந்தது. மாஜரீன் வாங்கி உண்போரும், நகரத்து வண்டியிற் பயணஞ் செய்வோரும் தம்மைப் பாதிக்கும் ஆணைகளை எதிர்த்து வழக்காடலாம் எனின், வானலையைப் பயன்படுத்தும் மக்கள் மட்டும் ஏன் வாயிலிலே நிறுத்தப்படல் வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். பேர்கர் தீவிரச் சீர்திருத்தவாதி அல்லர். பழமை பேணும் நீதியரசர் எனப் பெயர் பெற்றவர். அங்ஙனமாகவும், ஆணைக்குழு விசாரணை நடத்தி 1968-ம் ஆண்டிலே நிலையத்துக்கு மீண்டும் அனுமதி வழங்கியபோது, 1969-ம் ஆண்டு யூன் மாதம் அவரே அவ்வனுமதியை அழித்தார். பொதுநலத் தொண்டாற்ற வந்த மனுதாரரை வழிப்போக்கர் போல ஆணைக்குழு நடத்தியது என அவர் கடிந்தார். 1971-ம் ஆண்டிலே இரு இனத்தாரும் கூடிய இடைக்கால நிறுவனமொன்று நிலையத்தைப் பொறுப்பேற்றது. அடுத்த ஆண்டிலே வில்லியம் டில்டே என்னும் கறுப்பினத்தவர் அதன் பொது முகாமையாளரானார். கம்பி பழுது என்னும் அறிவித்தல் வைத்த அதே நிலையம்!

1969-ம் ஆண்டே அவ்வுரிமையின் உச்சம் எனலாம். வானொலியில் ஒருவர் தாக்கிப் பேசப்படின் மறுமொழிக்கு அவருக்கு நேரம் தருதல் வேண்டும் என்னும் ஆணைக்குழு விதியை, றெட் லயன் வழக்கிலே நாட்டின் உயர் நீதிமன்றமும் அவ்வாண்டில் நிலைநாட்டியது. இவ்விதி 1949-ம் ஆண்டிலே வகுக்கப்பட்ட நடுநிலைக் கோட்பாட்டின் கிளை. பின்னர்க் காற்று மாறியது. அலைவரிசைகள் பெருகின, கம்பிவழித் தொலைக்காட்சி வந்தது, அரசாங்கத்தின் கைகளைக் குறைத்தல் வேண்டும் என்னும் கொள்கை ஓங்கியது. 1987-ம் ஆண்டிலே ஆணைக்குழு நடுநிலைக் கோட்பாட்டைக் கைவிட்டது. அதன் பின் ஒருவரே மணிக்கணக்காகப் பேசி, ஏசி, நகையாடும் காலை நிகழ்ச்சிகள் செழித்தன.

ஐமஸ் அத்தகைய நிகழ்ச்சிகளின் மூத்த தலைவர்களுள் ஒருவர். 1940-ம் ஆண்டு கலிபோர்னியாவிற் பிறந்த அவர், 1971-ம் ஆண்டு முதல், இடையிற் சில ஆண்டுகள் நீங்கலாக, நியூயோர்க்கின் காலை வானொலியை ஆண்டார். 1996-ம் ஆண்டு தொடக்கம் அந்நிகழ்ச்சி எம்.எஸ்.என்.பி.சி. தொலைக்காட்சியிலும் காட்டப்பட்டது. செனற் சபையினரும், சனாதிபதிப் பதவி நாடுவோரும், நூலாசிரியரும் அவர் அழைப்பை ஏற்று வந்தனர். நோயுற்ற சிறுவர்க்காக நியூ மெக்சிக்கோவிலே பண்ணையொன்றை நடத்திய கொடையாளரும் அவரே. இவை யாவும் உண்மை. அவர் நிகழ்ச்சியிற் கறுப்பினத்தார், யூதர், பெண்டிர் ஆகியோர் பற்றிய கீழ்த்தரமான ஏளனங்கள் ஆண்டுக்கணக்காக ஒலித்ததும் உண்மையே. 2000-ம் ஆண்டிலே ‘சிக்காகோ றிபியூன்’ பத்திரிகையின் எழுத்தாளர் கிளாரன்ஸ் பேஜ் விருந்தினராக வந்து, இனத்தைப் பழித்து நகையாடுவதை விட்டுவிடுவதாக ஐமஸிடம் வானொலியிலேயே உறுதிமொழி பெற்றார். கறுப்பினத்தவராகிய பேஜ் அதன் பின் அந்நிகழ்ச்சிக்கு அழைக்கப்படவில்லை. விருந்தினராக வந்து போன அரசியலாளரும் எழுத்தாளரும் இதனைக் கேட்டிலர் போலும்.

2007-ம் ஆண்டு ஏப்பிரல் 3-ம் நாள் இரவு, பெண்கள் கூடைப்பந்துத் தேசிய இறுதிப் போட்டியிலே ரெனசிப் பல்கலைக்கழகம் நியூ ஜேர்சியின் ரட்கேர்ஸ் பல்கலைக்கழகத்தை 59-க்கு 46 என வென்றது. பருவத் தொடக்கத்திலே தோல்விகளாற் சோர்ந்திருந்த ரட்கேர்ஸ் அணி இறுதிப் போட்டியை எட்டியதே அருஞ்செயல். அணியிற் பத்து மாணவியர், பெரும்பாலோர் கறுப்பினத்தவர். பயிற்றுநர் விவியன் ஸ்ட்ரிங்கர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகள்; 1982-ம் ஆண்டிலே செய்னி என்னும் சிறிய கறுப்பினக் கல்லூரியின் அணியைத் தேசிய இறுதிப் போட்டிவரை கொண்டு சென்றவர். மறுநாட் காலையிலே ஐமஸின் தயாரிப்பாளர் மாணவியரைப் பற்றிக் கீழான சொல்லொன்றைத் தொடங்கிவைக்க, ஐமஸ் அதனைத் தொடர்ந்தார். அவர் கூறியது ஒரு சிறு தொடரே. அதன் முற்பாதி அம்மாணவியரின் தலைமயிரைப் பழித்தது. பிற்பாதி ஒழுக்கத்தைப் பழித்தது. கறுப்பு மக்களின் சுருண்ட மயிரைக் குறிக்கும் அச்சொல் அடிமைக் காலத்து இழிவைச் சுமந்தது. கூந்தலைப் புகழாத புலவரில்லாத ஒரு மொழியிற் பயின்றோர்க்கு அவ்வசை எங்கே தைத்திருக்கும் என்பது எளிதிற் புலப்படும்.

அவ்வறையில் இருந்தோர் சிரித்தனர். அன்று ஒலிபரப்புகளைப் பதிவுசெய்து ஆராயும் அமைப்பொன்று அப்பகுதியை வெளியிட்டிராவிடின், சிரிப்போடு அது மறைந்திருக்கும். 1964-ல் ஜக்சன் வீடுகளில் மறைந்திருந்து குறிப்பெடுத்தோரின் பணியை 2007-ல் பதிவுக் கருவி செய்தது. கறுப்பினப் பத்திரிகையாளர் சங்கம் கண்டனம் எழுப்பியது. ஐமஸ் முதலிற் பொருட்படுத்தாது பேசினார். 6-ம் நாளில் மன்னிப்புக் கோரினார். 9-ம் நாளில் போதகர் அல் ஷாப்ரனின் வானொலி நிகழ்ச்சிக்குச் சென்று குறுக்கு விசாரணைக்கு உட்பட்டவர் போல விடையிறுத்தார். இரு நிலையங்களும் அவரை இரு வாரங்களுக்கு விலக்கிவைப்பதாக அன்று அறிவித்தன.

10-ம் நாள் நிகழ்ந்ததே இக்கட்டுரைக்கு முதன்மையானது. ஸ்ட்ரிங்கரும் பத்து மாணவியரும் பத்திரிகையாளர் முன் தோன்றினர். பயிற்றுநர் ஒவ்வொரு மாணவியையும் பெயர் கூறி, அவள் கற்பது யாது, வல்லது யாது என எடுத்துரைத்தார். ஐமஸின் தொடரிலே பெயரில்லாத கும்பலாக இருந்தோர் அவ்வேளையிற் பத்துத் தனி மனிதராயினர். அணித் தலைவி எசென்ஸ் கார்சன், தம் வெற்றியின் மகிழ்ச்சி தம்மிடமிருந்து பறிக்கப்பட்டது என்னும் பொருளைக் கண்ணியமாக உரைத்தார். ஐமஸைப் பதவி நீக்குமாறு அவர்கள் கோரவில்லை. அவரை நேரிற் சந்திப்பதாகவே அறிவித்தனர். அதே நாளிற் பத்திரிகையாளர் குவென் ஐபில் நியூயோர்க் பத்திரிகையொன்றில் எழுதிய கட்டுரை, முன்னொரு காலத்திலே வெள்ளை மாளிகைச் செய்தியாளராகிய தம்மைத் துப்புரவுப் பெண் என ஐமஸ் ஏளனஞ் செய்ததாகக் கூறப்பட்டதை நினைவூட்டியது. ஐபில் அதனைத் தம் குறையாக எழுப்பவில்லை. தாம் தாங்கிக்கொள்ள வல்லவர், இம்மாணவியர் ஏன் தாங்க வேண்டும் என்பதே அவர் வினா.

அதன் பின் நிகழ்ந்தவை விரைவாக நிகழ்ந்தன. சவர்க்காரம் செய்வோரும், எழுதுகருவி விற்போரும், தேயிலைக் கொம்பனியொன்றும், பின்னர் மோட்டார் உற்பத்தியாளரும் தம் விளம்பரங்களை மீட்டனர். 11-ம் நாள் தொலைக்காட்சி நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது. 12-ம் நாள் சி.பி.எஸ். வானொலி ஐமஸைப் பதவி நீக்கியது. அன்று மாலையிலேதான் மாநில ஆளுநரின் மாளிகையிலே மாணவியர்க்கும் ஐமஸுக்கும் சந்திப்பு நடந்தது. அதற்கு வந்துகொண்டிருந்த ஆளுநர் ஜோன் கோர்சைன் நெடுஞ்சாலை விபத்திற் படுகாயமுற்றமையால் அவரின்றியே அது நடந்தேறியது. மறுநாள் ஸ்ட்ரிங்கர், அணியினர் மன்னிப்பை ஏற்றனர் என அறிவித்தார். கால வரிசை ஊன்றி நோக்கற்பாலது. பழித்தவர் பழிக்கப்பட்டோரின் முகத்தைக் கண்டு அவர் கூறுவதைக் கேட்பதற்கு முன்னரே தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது, எழுதியவர் வணிகர்.

பேச்சுரிமை பறிபோயிற்று எனச் சிலர் கூக்குரலிட்டனர். அமெரிக்க அரசியலமைப்பின் முதலாம் திருத்தம் அரசாங்கத்தின் கையைக் கட்டுவது. முதலாளியின் ஒப்பந்தத்தை அது தொடுவதில்லை. ஐமஸ் விடயத்தில் அரசாங்கம் தலையிடவுமில்லை. அதே இழிசொல் கறுப்பின இளைஞர் பாடும் பாட்டுகளில் ஒலிக்கின்றதே என வேறு சிலர் வாதித்தனர். பாட்டிலே அச்சொல் வருவது நன்று என எவரும் வாதிடவில்லை. கறுப்புப் பெண்களே அதனை நெடுங்காலமாக எதிர்த்து வந்தனர். பிறர் வீட்டுக் குப்பை தன் முற்றத்துக் குப்பைக்கு விடையாகாது.

உண்மையான ஐயம் வேறொன்று. ஐமஸின் சட்டத்தரணி வெளிப்படுத்திய ஒப்பந்தப் பகுதியின்படி, மரியாதை கடந்ததும் சர்ச்சை எழுப்புவதுமான பேச்சையே நிலையம் அவரிடம் விரும்பி வேண்டியிருந்தது. விரும்பி வாங்கிய சரக்கைச் சந்தை மறுத்தபோது நிலையமும் மறுத்தது. 1969-ல் ஜக்சன் மக்களுக்குக் கிடைத்தது உரிமை. அதனை நிலையத்தாரும் விளம்பரதாரரும் தம் விருப்பப்படி மீட்டுக்கொள்ளல் இயலாது. 2007-ல் ரட்கேர்ஸ் மாணவியர்க்குக் கிடைத்தது வணிகரின் அச்சத்தால் விளைந்த பயன். அச்சம் நீங்கியவுடன் அதுவும் நீங்கக்கூடியது. ஓகஸ்ட் மாதத்திலே ஐமஸும் சி.பி.எஸ். நிறுவனமும் பணம் பேசி வழக்கின்றி இணங்கினர். டிசெம்பர் 3-ம் நாள் நியூயோர்க்கின் மற்றொரு நிலையத்திலே, கறுப்பின நகைச்சுவையாளர் இருவரைத் தம் குழுவிற் சேர்த்துக்கொண்டு, அவர் மீண்டும் காலை நிகழ்ச்சியைத் தொடங்கினார்.

2008-ம் ஆண்டு யூன் மாதம், பலமுறை கைதுசெய்யப்பட்ட உதைபந்தாட்ட வீரர் ஒருவரைப் பற்றிய பேச்செழுந்தபோது, அவர் எந்நிறத்தவர் என ஐமஸ் வினவினார். கறுப்பர் என விடை வர, அதனால் விளங்கிற்று என்பதுபோல மொழிந்தார். கறுப்பினத்தார் அநியாயமாகக் கைதுசெய்யப்படுவதையே தாம் குறித்ததாகப் பின்னர் விளக்கம் கூறினார். எவரும் அவரைப் பதவி நீக்கவில்லை. 2018-ம் ஆண்டு மார்ச்சு மாதம் வரை ஒலிபரப்பி ஓய்வுபெற்ற அவர், அடுத்த ஆண்டு டிசெம்பர் 27-ம் நாள் காலமானார். 2022-ம் ஆண்டிலே ஸ்ட்ரிங்கர் ஓய்வுபெற்றார். ரட்கேர்ஸ் விளையாட்டரங்கின் ஆடுகளம் அவர் பெயரைத் தாங்குகின்றது.